வேலைத்தலத்தில் நமக்காகக் கேட்பது யார்?

(தோட்டக் குடும்பங்களுக்கான நலன்புரிக் கூட்டமொன்றில் கல்முனைப் பகுதி நண்பர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் கல்முனையிலிருந்து வந்திருக்கிறோம். கடற்கரை ஊர்க்காரர்கள். உங்கள் கைபட்ட தேயிலையை ஒரு நாளைக்கு நாலு தரம் குடிக்கிற ஆட்கள். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று வரிசையாகக் கிடக்கிற எங்கள் ஊர்களில் கடை, தறி, வயல், கடல் இந்த நாலும்தான் சீவனம். எங்களில் சிலர் கடைகளில் கணக்கு எழுதியவர்கள். சிலர் ஆடைத் தொழிற்சாலையில் ஆளணிப் பகுதியில் இருந்தவர்கள். "தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்ல உங்களிட்ட என்ன இருக்குது?" என்று புறப்படும்போது வீட்டிலேயே கேட்டாங்க. நியாயமான கேள்விதான். தேயிலையைப் பற்றிச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. வேலை கொடுப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் நடுவில் நிற்கிற ஆளைப் பற்றிச் சொல்லத்தான் வந்தோம். அந்த ஆள் உங்களுக்கும் உண்டு, எங்களுக்கும் உண்டு.

முந்திய காலத்தில் உங்களுக்குக் கங்காணி. எங்கள் பக்கத்து வயல்களில் போடியாருக்கும் வயல்காரருக்கும் நடுவில் முல்லைக்காரன். இந்த நடு ஆள் சொன்னால்தான் வேலை, இவர் சொன்னால்தான் நெல்லு. நல்லவராக இருந்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால் எங்கே போய் முறையிடுவது? அவரைத் தாண்டிப் போக ஒரு வழியும் இல்லை.

இப்போது பெரிய வேலைத்தலங்களில் மனித வளப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. முன்பு ஆளணிப் பகுதி என்றுதான் சொல்வோம். அதற்கும் முன்னால் இதற்குப் பெயர் நலன்புரி. சீமையில், யோர்க் என்ற ஊரில் ரவுன்ட்ரீ என்ற சொக்லட் தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலை செய்த பெண்பிள்ளைகளின் சுகதுக்கம் பார்க்க 1896இல் ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு நியமித்தார்கள். 1913இல் இப்படிப்பட்ட வேலை பார்த்தவர்கள் அதே யோர்க் நகரில் கூடி ஒரு சங்கமும் அமைத்தார்கள். இன்றைய மனித வளப் பிரிவுகளின் வேர்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 300 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற தோட்டத்தில் நலன்புரி அலுவலர் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. நம் நாட்டில் 1992இல் தோட்டங்கள் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குக் கொடுக்கப்பட்ட காலத்தில், அரசாங்கம், கம்பெனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்து தோட்ட வீடமைப்புக்கும் சமூக நலனுக்கும் ஒரு நம்பிக்கைப் பொறுப்பை உண்டாக்கின. உங்கள் வெல்பெயார் ஆபிசர், பிள்ளைக் காம்பராவில் பிள்ளை பார்க்கிற அம்மா, தோட்டத்து மருத்துவிச்சி எல்லாரும் இந்த வரிசையில் வருகிற ஆட்கள்தான்.

எங்கள் கடற்கரையில் பிள்ளைக் காம்பரா என்றால் என்னவென்றே தெரியாது. தறியில் உட்காரும் தாய் பிள்ளையைத் தன் உம்மாவிடம் விட்டுவிட்டு வருவாள். உம்மா இல்லாதவள் தறிக்குப் பக்கத்திலேயே ஏணை கட்டுவாள். நூல் தூசிக்குள் பிள்ளை தூங்கும். அதனால் உங்களிடம் இருக்கிறதை லேசாக நினைக்க வேண்டாம். கூரை ஒழுகுது, பால்மா வரவில்லை என்றால் சண்டை பிடித்துக் கேளுங்கள். அது ஒருவர் மனமிரங்கிக் கொடுக்கிற தருமம் இல்லை.

சரி, இப்போது எங்கள் கல்முனைக் கடைத்தெருவின் கதையைச் சொல்கிறோம். இதைக் கேட்டால் நாங்கள் ஏன் வந்தோம் என்று விளங்கும்.

பதினாறு, பதினேழு வயதில் ஒரு தம்பி புடவைக் கடைக்கு வேலைக்கு வருவான். முதலாளி அவனை வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்துக்கொள்வார். சாப்பாடு முதலாளி வீட்டில். பெருநாளைக்குச் சாரனும் சட்டையும் கையில் கொஞ்சம் காசும். வாப்பாவுக்குச் சுகமில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம். தங்கச்சிக்குக் கலியாணம் என்றால் ஒரு தொகை. இதையெல்லாம் நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. நல்ல முதலாளிமார் எங்கள் ஊர்களில் நிறையப் பேர். நோன்பு முடிகிற பத்து நாளும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் கடை திறந்திருக்கும். தம்பி முகம் சுளிக்காமல் நிற்பான். ஓவர்டைம் என்று கேட்க அவனுக்கும் வாய் வராது. கேட்டால் முதலாளிக்கும் மனசு நொந்துவிடும்.

இப்படி இருபத்தைந்து வருடம் போகும். மறுகா ஒரு நாள் முதலாளி மௌத்தாகிவிடுவார். மகன்மார் கடையைப் பங்கு போடுவார்கள். ஒருத்தர் கொழும்புக்குப் போவார், ஒருத்தர் கடையை வாடகைக்குக் கொடுப்பார். நாற்பது கடந்த அந்தத் தம்பி தெருவில் நிற்பான். அவனுடைய கையில் நியமனக் கடிதம் இல்லை. சேமலாப நிதி இலக்கம் இல்லை. சம்பளத் துண்டு ஒன்றுகூட இல்லை. "வாப்பா உங்களைப் பார்த்துக்கொண்டார்தானே காக்கா" என்று மகன் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அவ்வளவுதான் தெரியும். இருபத்தைந்து வருடத்தை எண்ணிக் காட்ட ஒரு கடதாசி கிடையாது.

இத்தனைக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், கிழமைக்கு ஒன்றரை நாள் லீவு, வேலைக்குச் சேரும்போது விபரம் எழுதிய கடிதம், எல்லாம் அதில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதி. ஒரே ஒரு ஆளை வைத்திருக்கிற கடைக்காரருக்கும் அது பொருந்தும். சட்டம் கொழும்பில் அச்சாகி அறுபது, எழுபது வருடம். கல்முனைக் கடைக்குள் அது வர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லை. பெரிய தொழிற்சாலையில் மனித வளப் பிரிவு செய்கிற வேலை, சின்னக் கடையில் ஒருவருக்கும் வேலை இல்லை. இதுதான் எங்கள் குறை.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறோம் என்றால், உங்கள் பிள்ளைகள் இப்போது லயத்தை விட்டு இறங்குகிறார்கள். கொழும்புக் கடைக்கு, கார்மெண்டுக்கு, ஹோட்டலுக்கு. போகிற இடத்தில் வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறாங்க என்று கேட்டால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். சந்தோஷப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, "மகன், லெட்டர் தந்தாங்களா? ஈ.பி.எப். நம்பர் என்ன?" என்றும் கேளுங்கள்.

இந்தக் காசின் கணக்கு பலருக்குப் பிடிபடுவதில்லை. கணக்கு லேசாக இருக்கட்டும் என்று ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது உங்கள் இன்றைய சம்பளம் அல்ல, கணக்குக்காகச் சொல்வது. மாதத்தில் 20 பேர் விழுந்தால் 20,000. அதில் உங்களிடம் வெட்டுவது 8 வீதம், 1,600 ரூபாய். நிர்வாகம் தன் கையிலிருந்து போட வேண்டியது 12 வீதம், 2,400 ரூபாய். இரண்டும் சேர்ந்து 4,000 ரூபாய் உங்கள் பெயரில் மத்திய வங்கிக்குப் போக வேண்டும். அடுத்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் நிர்வாகத்துக்கு 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம். இதற்கு மேல் 3 வீதம், அதாவது 600 ரூபாய், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு. அது 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். அதற்காக உங்களிடம் ஒரு சதமும் வெட்டக் கூடாது. அந்த நிதியில் அங்கத்தவராக இருப்பவரின் பிள்ளை ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தால் உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்பது தோட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மற்றது நீங்கள் சர்விஸ் காசு என்று சொல்கிற பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 15 பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு உரியது. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். அதே 1,000 ரூபாய்க் கணக்கில் முப்பது வருடம் கொழுந்து எடுத்த அம்மாவுக்கு 420,000 ரூபாய் வருகிறது. வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முப்பது நாளா, முப்பது மாதமா என்று நீங்கள் சிரிப்பது எங்களுக்குத் தெரிகிறது. சிரித்துவிட்டு விட்டுவிடக் கூடாது. எழுத்தில் கேட்க வேண்டும். 15 பேருக்குக் குறைந்த கடையில் வேலை செய்தவருக்கும் தொழில் நியாய சபைக்குப் போக வழி உண்டு. எங்கள் புடவைக் கடைத் தம்பிக்கு இதைச் சொல்ல அன்றைக்கு ஆள் இருக்கவில்லை.

இனி, பெயர். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் நாங்கள் பார்த்த அளவில் ஏழைகளின் காசு அதிகமாகச் சிக்கிக்கொள்கிற இடம் இதுதான்.

செக்ரோலில் ஒரு பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். அடையாள அட்டையில் இன்னொன்று. வீட்டில் கூப்பிடுகிற பெயர் வேறு. ராமாயி ஒரு இடத்தில் ராமாயி, இன்னொரு இடத்தில் இராமாய், மூன்றாவது இடத்தில் சிங்களத்தில் எழுதித் திரும்பத் தமிழாகி யாரோ ஒரு ரமயா. எங்கள் பக்கத்திலும் இதே கூத்துத்தான். முகம்மது, முகமது, மொஹமட் எல்லாம் ஒரே மனிசன். வாப்பாவின் பெயர் முன்னுக்கு ஒரு தாளில், பின்னுக்கு ஒரு தாளில். கொழும்பில் உட்கார்ந்திருக்கிற உத்தியோகத்தருக்கு இது மூன்று ஆட்கள். அவர் மேல் கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை. ஒருத்தியின் காசை இன்னொருத்திக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதும் அவருடைய வேலை.

இதைத் திருத்த வேண்டிய நேரம் ஐம்பது வயது அல்ல. ஐம்பதில் ஒரு பெண்ணும் ஐம்பத்தைந்தில் ஒரு ஆணும் காசுக்கு விண்ணப்பிக்கிற நேரத்தில் பழைய கிளாக்கர் இருக்க மாட்டார், பழைய துரை இருக்க மாட்டார், தோட்டமே வேறு கம்பெனிக்குக் கைமாறி இருக்கும். இருபத்தைந்து வயதில் திருத்துவது லேசு. அடையாள அட்டையில் உள்ள பெயரும் இலக்கமும் தோட்டத்துப் பதிவில் அப்படியே இருக்கிறதா என்று ஆபிஸில் போய்க் கேளுங்கள். வித்தியாசம் இருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு கொடுத்து, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். தொழிலாளருக்காக இந்த அலைச்சலைக் குறைத்துக் கொடுப்பதுதான் ஒரு நல்ல மனித வளப் பிரிவின், நல்ல வெல்பெயார் ஆபிசரின் முதல் வேலை என்பது எங்கள் அபிப்பிராயம். விளையாட்டுப் போட்டியும் பரிசளிப்பும் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்த கதை உங்களுக்குத் தெரியும். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் போனார்கள். மருதமுனையிலும் சாய்ந்தமருதுவிலும் கல்முனைக்குடியிலும் வீடு, வள்ளம், தறி எல்லாம் போனது. பெட்டியில் இருந்த கடதாசிகளும் போயின. அப்போது நாங்கள் ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்தோம். வேலை செய்த இடத்தில் ஒழுங்காகப் பதிவு இருந்தவரின் பெண்சாதி பிள்ளைகளுக்கு, அட்டை தொலைந்திருந்தாலும், காசைத் தேடிப் போக ஒரு வழி இருந்தது. அட்டைதான் கடலில் போனது, பதிவு கொழும்பில் இருந்தது. பதிவே இல்லாதவரின் குடும்பத்துக்கு அந்த வழி இல்லை. முதலாளியும் போய், கடையும் போய், கணக்குப் புத்தகமும் போன பிறகு யாரிடம் கேட்பது? உங்கள் மலைகளில் கடல் வராது. மண்சரிவு வரும், லயத்தில் தீ பிடிக்கும். அதனால் சொல்கிறோம், சேமலாப நிதியில் உங்களுக்குப் பிறகு யாருக்குக் காசு என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா, கலியாணத்துக்கு முன்னால் உம்மா பெயரையோ அண்ணன் பெயரையோ போட்டவர்கள் அதைப் பிறகு மாற்றினீர்களா என்று இன்றைக்கு ராத்திரி வீட்டில் பேசிப் பாருங்கள்.

இனி ஒரு கேள்வி வரும். இந்த மனித வளப் பிரிவு யாருடைய ஆள்? எங்களுடைய ஆளா, துரையுடைய ஆளா?

ஒளிக்காமல் சொல்வோம். சம்பளம் கொடுப்பது நிர்வாகம். ஆகவே அவர் நிர்வாகத்தின் ஆள். எங்களில் சிலர் அந்தக் கதிரையில் இருந்ததால் சொல்கிறோம். உள்ளே தொழிலாளிக்காகப் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் சம்பளத்தைக் கூட்டித் தர அவரால் முடியாது. அது சங்கத்தின் வேலை, கூட்டாகக் கேட்டு எடுக்கிற வேலை. தொழிற்சங்கத் தலைவர் செய்வதை வெல்பெயார் ஆபிசர் செய்வார் என்று காத்திருக்கக் கூடாது. வெல்பெயார் ஆபிசர் இருக்கிறாரே, சங்கம் எதற்கு என்று யாராவது சொன்னால் அதையும் நம்பக் கூடாது. நடேசய்யர் 1930களில் தோட்டம் தோட்டமாக வந்து சங்கம் கட்டிய காலத்தில் கூட்டம் போட ஒரு இடம்கூடத் தர மறுத்த துரைமார் இருந்தார்கள். அப்படி வந்த சங்கத்தை எங்களைப் போன்றவர்களின் கதிரைக்காக விட்டுவிட வேண்டாம்.

ஆனால் அந்தக் கதிரையில் இருப்பவரால் முடிகிற காரியங்களும் நிறைய உண்டு. எங்கள் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் சில பிள்ளைகள் அடிக்கடி பிந்தி வந்தார்கள். சுப்பவைசர் வரவுக் கொடுப்பனவை வெட்டச் சொன்னார். ஆளணிப் பகுதியில் இருந்தவர் வெட்டுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டார். எல்லாரும் ஒரே ஊர்ப்பக்கம். விடியக்காலை பஸ் அந்தச் சந்திக்கு வருவதை நிற்பாட்டி இருந்தாங்க, பிள்ளைகள் இருட்டுக்குள் நடந்து வந்துகொண்டிருந்தாங்க. கம்பெனி வேனைப் பத்து நிமிஷம் சுற்றி விட்டார்கள். முடிந்தது. கேட்க ஒரு ஆள் இருந்ததுதான் அதில் முக்கியம்.

இப்படிக் கேட்க வேண்டிய ஆள் கேட்காத இடங்களும் உண்டு. சேமலாப நிதிக்கு என்று வெட்டிவிட்டுக் கட்டாமல் வைத்திருந்த இடங்கள் உண்டு. தொழிலாளியின் சம்பளத் துண்டில் வெட்டியதாக இருக்கும், வங்கியில் ஒன்றும் இருக்காது. கொழும்பிலிருந்து வருகிற கணக்குக் கூற்றையும் சம்பளத் துண்டையும் பக்கத்தில் வைத்து, படித்த பிள்ளை ஒன்றிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தவில்லை என்றால் முதலில் ஆபிஸ். பதில் இல்லை என்றால் சங்கம். அதிலும் இல்லை என்றால் தொழில் திணைக்களம். தமிழில் எழுதலாம். 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. சிங்களத்தில் வந்த கடிதம் விளங்கவில்லை என்றால் தமிழில் தரும்படி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. எங்கள் ஊரிலும் இப்படி விளங்காத கடிதங்களைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவர்கள் இருக்கிறார்கள்.

தாய்மார்களுக்கு இரண்டு விஷயம். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்னால் மூன்றாவது பிள்ளைக்குப் பிரசவ லீவு பாதியாகக் குறைந்தது, 42 நாள். அந்தத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 வேலை நாள். பிள்ளைத்தாச்சி என்பதற்காக வேலையிலிருந்து நிறுத்த முடியாது. மற்றது, சொல்லக் கூச்சமான விஷயம். மலையிலோ கொழுந்து நிறுக்கிற இடத்திலோ தொழிற்சாலையிலோ யாராவது கை வைத்தால், அசிங்கமாகப் பேசினால், அது 1995ஆம் ஆண்டிலிருந்து தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம். "வெளியே சொன்னால் உனக்குத்தான் வெட்கம்" என்று எங்கள் ஊரிலும் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம். அதனால் யாருக்கு லாபம் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். முறைப்பாட்டை வாங்கி, தேதி போட்டு, பெயரை வெளியே விடாமல் விசாரிக்கத் தெரியாத ஆளை அந்தக் கதிரையில் வைக்கக் கூடாது. மாதர் சங்கத் தலைவி ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். ஒற்றையாகப் போக வேண்டியதில்லை.

குளவி கொட்டினதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேலை நேரத்தில் குளவி கொட்டினால், வழுக்கி விழுந்தால், கத்தி வெட்டினால் அது தொழில் விபத்து. நட்டஈட்டுச் சட்டம் 1934இல் இருந்து இருக்கிறது, 19ஆம் இலக்கம். அன்றைக்கே ஆபிஸில் சொல்லிப் பதிய வைக்க வேண்டும். ஆஸ்பத்திரித் துண்டில் "வேலைத்தலத்தில்" என்ற சொல் விழ வேண்டும். இரண்டு நாள் கழித்துச் சொன்னால் வீட்டில் விழுந்தாயோ, கடையில் விழுந்தாயோ என்று கேள்வி வரும்.

எழுத்தில் கொடுக்கும்போது ஒரு பழக்கம் வையுங்கள். இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் வாங்கியவரின் கையொப்பமும் தேதியும் எடுங்கள். கையொப்பம் வைக்க மாட்டேன் என்றால் பதிவுத் தபாலில் போடுங்கள், அந்தத் துண்டைக் கடிதத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். இதைச் செய்தால் துரை கோபிப்பார் என்று சிலர் பயப்படுகிறீர்கள். ஒழுங்கான நிர்வாகத்துக்கு இது கோபம் இல்லை. ஆபிஸ் கோப்பில் ஒரு தாள் கூடுவதால் நல்ல கிளாக்கருக்கு வேலை லேசாகும்.

கூட்டம் முடிந்ததும் நாங்கள் பிள்ளைக் காம்பரா விறாந்தையில் நாலு மணி வரைக்கும் இருப்போம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கடைசி சம்பளத் துண்டு, கொழும்பிலிருந்து வந்த கடிதம் எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். எல்லாவற்றையும் வைத்துப் பெயர் பொருந்துதா என்று பார்த்துச் சொல்வோம். பொருந்தாதவர்களின் பெயரை வெல்பெயார் ஆபிசர் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வார். வயசான அம்மாமாரை முதலில் அனுப்புங்கள். வேலைக்குப் போயிருக்கிறவர்களுடைய தாள்களைப் பிள்ளைகள் கொண்டு வந்தாலும் சரி.